செத்துக்கிட்டே வளர்ற திமிங்கலம்

எங்க வீட்டுக்குப் பின்னாடி ஒரு திமிங்கலம் படுத்திருக்கு. மூக்குல இருந்து வால் வரைக்கும் முப்பது அடி, முதுகு எட்டடி உயரம், வயித்துக்குள்ள நாலு பேர் தாராளமா உக்காரலாம். அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி அது வெறும் மூங்கில் எலும்புக்கூடு, அப்புறம் ஒரு வருஷம் நீலமா இருந்துச்சு, அடுத்து வெள்ளையும் சிவப்பும், இப்ப கரும்பச்சை. வால் கிடையாது. வால் இருந்த இடத்துல ஒரு குப்பைமேடு, அதுல காளான். வர்றவங்க எல்லாம் "வாலை எப்ப சரி பண்ணப் போறீங்க"ன்னு கேக்குறாங்க. சரி பண்ற ஐடியா இல்லைன்னு சொன்னா சோம்பேறித்தனம்னு நினைச்சுக்கிறாங்க, அதுல பாதி உண்மையும் கூட, ஆனா மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஆரம்பிச்சது என் அண்ணன் பொண்ணு. அப்ப அவளுக்கு ஏழு வயசு. லீவுக்கு வந்தவ ஒரு பேப்பர்ல திமிங்கலம் வரைஞ்சு உள்ள ஒரு வீடு, வீட்டுக்குள்ள மரம், மரத்துல மறுபடி ஒரு குட்டித் திமிங்கலம்னு போட்டுட்டு "அத்தை, இத தோட்டத்துல செய்யலாமா"ன்னு கேட்டா. நானும் உற்சாகமா சரின்னுட்டேன். அப்ப என் மனசுல இருந்தது என்னன்னா, கம்பியில ஒரு திமிங்கலம் வளைச்சு அது மேல கொடி ஏத்தி விடுறது, அவ்ளோதான், ஒரு மாசத்து வேலை.

அதுக்கப்புறம் நெட்டுல படம் தேட ஆரம்பிச்சேன், அங்கதான் மாட்டிக்கிட்டேன். ஸ்பெயின்ல பில்பாவோ மியூசியம் வாசல்ல ஜெஃப் கூன்ஸ்ங்கிற சிற்பி செஞ்ச ஒரு நாய்க்குட்டி உக்காந்திருக்கு, பன்னெண்டு மீட்டர் உயரம், உடம்பு பூரா பூச்செடி, சுமார் 38,000 செடி. பாத்தா அசந்துடுவீங்க. ஆனா அதுல வருஷத்துக்கு ரெண்டு தடவை மொத்தச் செடியையும் பிடுங்கிட்டு வேற வைக்கிறாங்க, கோடைக்கு ஒரு செட்டு குளிருக்கு ஒரு செட்டு. நாய்க்குட்டி 1990கள்ல எந்த சைஸ்ல இருந்துச்சோ இன்னிக்கும் அதே சைஸ்தான். அது ட்ரெஸ் மாத்துது, வளரல. தப்பு சொல்லல, எனக்கு அது வேணாம்னு மட்டும் தெரிஞ்சுது. அதுக்கு நேர் எதிரா இங்கிலாந்துல ஹெலிகன் தோட்டத்துல ஒரு மண் பொண்ணு தூங்கிட்டிருக்கா, 1997ல கூடப்பிறந்தவங்க ரெண்டு பேர் சேர்ந்து செஞ்சது, தலைமுடி புல்லு, உடம்புல பாசியும் கொடியும், சீசனுக்கு சீசன் முடி நிறம் மாறும், கொஞ்ச நாள் கவனிக்கலைன்னா பரட்டைத்தலை ஆயிடும். அது எனக்கு ரொம்ப நெருக்கமா பட்டுச்சு.

அப்புறம் சம்பந்தமே இல்லாம திமிங்கலத்தைப் பத்தியே படிக்கப் போனேன், அங்க கிடைச்சதுதான் இந்த மொத்த விஷயத்தோட சாவி. திமிங்கலம் நடுக்கடல்ல செத்தா அடியில போய் விழுந்துடும் இல்லையா, அதுக்கப்புறம்தான் கதையே ஆரம்பிக்குது. 1987ல கலிபோர்னியா பக்கம் நீர்மூழ்கியில போன ஆராய்ச்சியாளர்கள் ஆயிரத்து இருநூறு மீட்டருக்கும் கீழ தற்செயலா ஒரு திமிங்கல எலும்புக்கூட்டைப் பாத்தாங்க, அதச் சுத்தி சிப்பி, நத்தை, புழுன்னு ஒரு ஊரே குடியிருந்துச்சு. முதல்ல சுறாவும் விலாங்கு மாதிரி இருக்கிற மீன்களும் வந்து சதையைத் தின்னும், அதுக்கே மாசக்கணக்கு, சில சமயம் வருஷக்கணக்கு. அடுத்து சிதறின மிச்சத்தையும் எண்ணெய் ஊறின சேத்தையும் நம்பிப் புழுக்கூட்டம். கடைசியா எலும்புக்குள்ள இருக்கிற கொழுப்பைப் பாக்டீரியா சிதைக்க, அதுல வர்ற கந்தகத்தை வச்சு இன்னொரு கூட்டம் பல பத்து வருஷம் வாழும். எலும்பையே துளைச்சுத் தின்னுற ஒரு புழுவை 2002ல கண்டுபிடிச்சிருக்காங்க, அதுக்கு வாயும் கிடையாது குடலும் கிடையாது, எலும்புல வேர் விட்டு உறிஞ்சுது. வேர்! படிச்சுட்டு ராத்திரி தூக்கமே வரல.

ஆக நான் செய்ய வேண்டியது நிக்கிற திமிங்கலம் இல்ல, விழுந்த திமிங்கலம். ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு கூட்டம் வந்து, தின்னு, அடுத்த கூட்டத்துக்கு இடத்தை விட்டுட்டுப் போகணும். எதை வைக்கிறோம்ங்கிறதை விட எது எப்ப போகணும்ங்கிறதைத்தான் டிசைன் பண்ணணும்.

இந்த மாதிரி வேலையில எனக்குத் தெரிஞ்ச பெரிய ஆளுங்கன்னா மேகாலயாவுல வேர்ப்பாலம் வளர்க்கிற காசி மக்கள்தான். ஆத்தோட ஒரு கரையில ரப்பர் அத்தி மரம், அதோட விழுதையும் வேரையும் மூங்கில் சாரம் மேலயோ, பாக்கு மரத்தைப் பிளந்து உள்ள குடைஞ்ச குழாய்க்குள்ளயோ விட்டு அக்கரைக்குக் கொண்டு போறாங்க. மனுஷன் பயமில்லாம நடக்கிற அளவுக்கு ஆக பத்துப் பதினஞ்சு வருஷம், அதுக்கு மேலயும் ஆகும். அதுக்குள்ள மூங்கிலும் பாக்கும் மக்கிப் போயிருக்கும், அது அவங்களுக்கு ஆரம்பத்துலயே தெரியும், அது போறதுக்காகத்தான் வைக்கிறாங்க. நாம சிமெண்ட் பாலம் கட்டினா முதல் நாள்தான் அது பலமா இருக்கும், அப்புறம் எல்லாம் இறக்கம். இவங்க பாலம் முதல் நாள் பாலமே இல்ல.

சரி, என் திமிங்கலம். மொத்தம் ஏழு ஜோடி விலா எலும்பு. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு மூங்கில் வளைவு, அந்த வளைவோட ரெண்டு காலுக்கும் பக்கத்துல ஒவ்வொரு பைக்கஸ் கன்னு, ஆக பதினாலு கன்னு. பைக்கஸ்னா பெஞ்சமினான்னு நர்சரியில சொல்வாங்களே, பின்னல் போட்ட மாதிரி தொட்டியில வச்சிருப்பாங்களே அது. அது ஏன்னா அந்த ஜாதிக்கு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிற புத்தி ஜாஸ்தி, ரெண்டு தண்டை இறுக்கி வச்சா தானாவே சேர்ந்துடும். ஒரு எச்சரிக்கை, இதைப் படிச்சுட்டு யாரும் வீட்டுச் சுவரை ஒட்டி வச்சுடாதீங்க, அதோட வேர் தண்ணி வாசனையைத் தேடி எங்க வேணா போகும், பைப், செப்டிக் டேங்க், அஸ்திவாரம் எல்லாம் அதுக்கு ஒண்ணுதான். நான் வீட்டுல இருந்து நல்லா தள்ளித்தான் வச்சேன், அதுக்கே அம்மா இன்னும் திட்டுறாங்க. குளிர் நாட்டுக்காரங்க இதையே வில்லோங்கிற மரத்தோட கழியில செய்றாங்க, ஈர மண்ணுல குத்தி வச்சாலே வேர் விடும். ஜெர்மனியில ஆவர்ஸ்டெட்டுங்கிற ஊர்ல 1998ல நூத்துக்கணக்கான தன்னார்வலர்கள் சேர்ந்து வில்லோவுலயே ஒரு மாளிகை நட்டிருக்காங்க. நமக்கு அது ஒத்து வராது. நம்ம பக்கம் போத்து, அதான் வெட்டின கிளை, நட்டா வேர் விடுற கிளுவை, பூவரசு எல்லாம் யோசிச்சேன், ஆனா வளைவு அவ்ளோ நயமா வராதுன்னு விட்டுட்டேன்.

மூங்கிலைப் பத்தி ஒரு விஷயம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். மருந்து ஏத்தாத மூங்கிலை நேரா மண்ணுல புதைச்சா ரெண்டு வருஷம், மிஞ்சினா மூணு. அதுவும் அழுகுறது புதைஞ்ச அடியில இல்ல, சரியா தரைமட்டத்துல, காத்தும் ஈரமும் சேர்ந்து கிடைக்கிற அந்த ரெண்டு மூணு இஞ்சுல. மேல பாத்தா கல்லு மாதிரி இருக்கும், தரைகிட்ட பென்சில் முனை மாதிரி இளைச்சுப் போயிருக்கும். அதனால நான் இரும்பு பைப் துண்டு வெட்டி, பாதி தரைக்குள்ள பாதி மேல நிக்கிற மாதிரி கான்கிரீட்ல பதிச்சு, அதுக்குள்ள மூங்கில் காலை மண் தொடாம இறக்கினேன், தண்ணி தேங்காம இருக்க பைப்புல ஒரு ஓட்டை. அப்படி வச்சா நாலஞ்சு வருஷம் தாங்கும், கன்னு தன் கால்ல நிக்கிறதுக்கு அது போதும்னு கணக்கு. முன்னாடி அஞ்சு ஜோடிக்கு பைப் சரியா இருந்துச்சு. வால் பக்கம் ரெண்டு ஜோடிக்கு பைப் பத்தல. "வால்தானே, என்ன பெரிய வெயிட்டு"ன்னு நேரா மண்ணுல புதைச்சுட்டேன். இது பின்னாடி வரும், ஞாபகம் வச்சுக்கங்க.

விலாவுக்குக் குறுக்க மூங்கில் பிளாச்சு, கட்டுறதுக்கு தேங்கா நார்க் கயிறு. கட்டுக்கம்பி வேணாம்னு முதல்லயே முடிவு பண்ணல, சூடு பட்டுத்தான் கத்துக்கிட்டேன். அது எப்படின்னா கண்ணு.

திமிங்கலத்தோட கண்ணு ஒரு அகல மண் சட்டி, தண்ணி நிக்கிற மாதிரி. மழை பெஞ்சா கண்ணு பளபளன்னு இருக்கும், வெயில்ல வத்திப்போய் குருடாயிடும், குருவி வந்து குளிக்கும்னு எல்லாம் கற்பனை. அந்தச் சட்டியை ஒரு கம்பி வளையத்துல வச்சு முதல் விலாவோட கன்னுல மூணடி உயரத்துல கட்டினேன். கன்னு வளர வளர கண்ணும் மேல ஏறும், மூணு வருஷத்துல ஆறடிக்கு வந்துடும்னு ஒரு நம்பிக்கை. சிரிக்காதீங்க. மரம் உயரத்துல வளர்றது நுனியில மட்டும்தான். மூணடியில அடிச்ச ஆணி முப்பது வருஷம் கழிச்சும் மூணடியிலதான் இருக்கும், தண்டு பெருக்கும், அவ்ளோதான். இது பள்ளிக்கூடத்துல படிச்சதுதான், ஆனா கை வச்சுக் கட்டுறப்ப எவனுக்கு ஞாபகம் வருது. ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தா கண்ணு அதே மூணடியில, கம்பி மட்டும் பட்டைக்குள்ள பாதி புதைஞ்சு, அதுக்கு மேல தண்டு தொண்டை வீங்கின மாதிரி உப்பிப் போயிருக்கு. இலையில செஞ்ச சாப்பாடு பட்டை வழியாத்தான் வேருக்கு இறங்குது, கம்பி அந்த வழியை நெரிச்சுடுச்சு, இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா கன்னு போயிருக்கும். வெட்டி எடுத்தேன். அந்தத் தழும்பு இன்னும் இருக்கு, கண்ணுக்குக் கீழ ஒரு சுருக்கம் மாதிரி, ஒரு வகையில அழகாத்தான் இருக்கு. இப்ப கண்ணு தனியா ஒரு கல் தூண் மேல உக்காந்திருக்கு, மரத்தோட ஒட்டும் இல்ல உறவும் இல்ல. தண்ணியை மூணு நாலு நாளைக்கு ஒருக்கா கொட்டி மாத்திடுவேன், கொசு முட்டையில இருந்து பறக்குறதுக்கு ஒரு வாரம் பத்து நாள்தான் எடுத்துக்கும், கலைன்னு சொல்லி டெங்கு வளர்க்கக் கூடாது.

முதல் வருஷத்துத் தோலுக்கு சங்குப்பூ. வேகமா ஏறும், பயறு குடும்பம்கிறதால மண்ணுக்கும் நல்லது. நாலு மாசத்துல மொத்த எலும்புக்கூடும் நீலமாயிடுச்சு, நிஜமாவே ஒரு நீலத்திமிங்கலம், காத்தடிச்சா உடம்பு சிலிர்க்கிற மாதிரி இருக்கும். அண்ணன் பொண்ணு அந்த லீவுக்கு வந்து பாத்துட்டு ஒரு நிமிஷம் பேசவே இல்ல. அந்த ஒரு நிமிஷத்துக்காகவே அந்த வருஷத்தோட நிறுத்தியிருக்கலாம்னு இப்ப கூட சில நாள் தோணும்.

வாய்க்கு வெட்டிவேர் புல்லு, வரிசையா நெருக்கி. சில திமிங்கலத்துக்கு பல்லுக்குப் பதிலா சீப்பு மாதிரி தொங்குமே, அதுல தண்ணியை வடிகட்டி சின்ன இறாலைப் பிடிக்குமே, அந்த சீப்பு. மழைத்தண்ணி தோட்டத்துல இருந்து அந்தப் பக்கமாத்தான் வடியும், புல்லு வண்டலைப் பிடிச்சு வச்சுக்குது, ஆக வாய் நிஜமாவே வடிகட்டுது. இதை நான் திட்டம் போட்டு செஞ்சேன்னு சொல்லிக்க ஆசைதான், ஆனா புல்லு வச்சு ஒரு வருஷம் கழிச்சுத்தான் கவனிச்சேன். அப்புறம் தலைக்கு மேல தண்ணி பீச்சுறதுக்கு நாணல். அது வெள்ளையா பூக்குறது வருஷத்துல ஒரு சீசன் மட்டும்தான், மீதி நாள் சும்மா புல்லு. ஆக எங்க திமிங்கலம் வருஷத்துக்கு ஒரு தடவைதான் மூச்சு விடும். நாணலை நட்டா கிழங்கு அடியில ஓடி தோட்டத்தையே எடுத்துக்கும், அதனால அடி வெட்டின பழைய பிளாஸ்டிக் ட்ரம்மைப் புதைச்சு அதுக்குள்ள வச்சேன், அப்பவும் ரெண்டு தடவை எட்டிக் குதிச்சிருக்கு.

ஒரு நாளைக்குள்ளயே மாறுறதுக்கும் ஏதாவது வேணும்னு பத்துமணிப்பூவும் அந்திமந்தாரையும் வயித்தோரமா கலந்து வச்சேன். ஸ்வீடன்ல லின்னேயஸ்னு ஒரு தாவர அறிஞர் 1751லயே எந்தப் பூ எத்தனை மணிக்கு விரியும் எத்தனை மணிக்கு மூடும்னு ஒரு பூக்கடிகாரம் எழுதி வச்சுட்டுப் போயிருக்கார், கேக்க நல்லா இருக்கும், மேகம் போட்டா கடிகாரம் ஓடாது. எங்க வயித்துல காலையில ஒரு நிறம், சாயந்திரம் வேற நிறம், அந்த அளவுக்கு போதும்.

ரெண்டாவது வருஷம் சங்குப்பூ பாதி காஞ்சுது, அடுத்த தோலா ரங்கூன் மல்லி. இதை நட்டதுக்கு ஒரே காரணம் அது நிறம் மாத்துறது. ராத்திரி விரியறப்ப வெள்ளை, மறுநாள் ரோஸ், அதுக்கடுத்த நாள் சிவப்பு, ஒரே கொத்துல மூணு நிறமும் தொங்கும். வெள்ளையா இருக்கிறப்ப வாசனையை மோந்துட்டு ராத்திரி பெரிய விட்டில் வரும், சிவந்த பிறகு பகல்ல தேனீயும் பட்டாம்பூச்சியும். "மாறுகிற சிற்பம்"னு பேசிட்டு இந்தக் கொடியை விட்டா எப்படின்னு ஒரே ஆசை. ஆனா அது கொடி இல்லங்க, கொஞ்சம் விட்டா மரக்கட்டை. வாலைப் பிடிச்சு ஏறி வால்ல மட்டும் ஒரு வைக்கோல்போர் சைஸ்ல குவிஞ்சுடுச்சு. ஒரு ராத்திரி நல்ல மழை, கூடவே காத்து. நனைஞ்ச கொடி எவ்ளோ கனம்னு அதுவரைக்கும் நான் யோசிச்சதில்ல, அதுவும் காத்துக்கு அது பாய்மரம். காலையில பாத்தா வால் தரையில. பைப் இல்லாம மண்ணுல புதைச்ச அந்த நாலு காலும் தரைமட்டத்துல சொல்லி வச்ச மாதிரி முறிஞ்சிருக்கு. அந்தப் பக்கத்து நாலு பைக்கஸ் கன்னுல மூணு முறிஞ்சு ஒண்ணு சாஞ்சு கிடந்துச்சு.

அன்னிக்கு எனக்கு வந்த அழுகையை இங்க எழுதல. ரெண்டு நாள் அந்தப் பக்கமே போகல. மூணாவது நாள் கத்தி எடுத்துட்டுப் போனேன், எல்லாத்தையும் வெட்டி ஒதுக்கிட்டு புதுசா கட்டலாம்னு. போய்க் குவியலைத் தூக்கினா அடியில ஒரு அரணை, அது என்னை முறைச்சுப் பாத்துட்டு உள்ள போயிடுச்சு. அப்பத்தான் உறைச்சுது. விழுந்த திமிங்கலம்தானே வேணும்னு கேட்டே, விழுந்திருக்கு, அப்புறம் ஏன் தூக்கி நிறுத்தப் பாக்குறே. கத்தியை வச்சுட்டு வந்துட்டேன். அந்தக் குவியலை இன்னிக்கு வரைக்கும் தொடல. முதல் மழைக்கு குடை மாதிரி காளான், அப்புறம் கரையான், கரையானுக்காக எறும்பு, எறும்புக்காக ஓணான், பூரானும் உண்டு அதனால செருப்பு இல்லாம யாரையும் விடுறதில்ல. மூங்கில் இப்ப விரல்ல நசுக்கினா பொடியாகுது. அந்த மண்ணை எடுத்துத்தான் மீதிச் செடிகளுக்குப் போடுறேன், ஆக வால் உடம்பைச் சாப்பாடு போட்டு வளர்க்குது. தோட்டத்துலயே உயிர் ஜாஸ்தி இருக்கிற இடம் அதுதான். என் டிசைன்ல ரொம்ப நல்லா வந்த பாகம் நான் டிசைன் பண்ணாத பாகம்னு சொல்ல வேண்டி வருது, அதுல கொஞ்சம் வருத்தமும் இருக்கு.

விழாம நின்ன அஞ்சு ஜோடிக்கு வருவோம். கன்னை வளைக்கிறது லேசு இல்ல. ஒரேயடியா வளைச்சா நுனி சோம்பேறி ஆயிடும், வளைவோட மேல்பக்கத்துல இருந்து புதுசா ஒரு தளிர் கிளம்பி "இனி நான்தான் நுனி"ன்னு நேரா வானத்தைப் பாத்துப் போகும். அதை அப்பப்ப கவாத்து பண்ணலைன்னா ஒரே சீசன்ல திமிங்கலத்துக்கு முள்ளம்பன்றி முதுகு. நான் மாசத்துக்கு ஒரு கை அளவு வளைச்சு மூங்கிலோட கட்டிக்கிட்டே வந்தேன், அப்படி ரெண்டு பக்கத்து நுனியும் உச்சியில சந்திக்க மூணாவது வருஷம் ஆச்சு. சந்திச்ச இடத்துல ஒட்டு. ரெண்டு தண்டுலயும் ஒரே நீளத்துக்கு, ரெண்டு இஞ்சு, பட்டையை மெல்லிசா சீவி, பட்டைக்கு அடியில வழவழன்னு பச்சையா ஒரு படலம் தெரியும், அந்தப் பச்சையும் இந்தப் பச்சையும் ஒண்ணோட ஒண்ணு அழுந்துற மாதிரி வச்சுக் கட்டணும். பைக்கஸ்ல பால் கொட்டும், ஈரத்துணியில துடைச்சு பால் நிக்கிற வரைக்கும் பொறுமையா இருக்கணும். கட்டுறதுக்கு பழைய சைக்கிள் ட்யூபைக் கீத்தா வெட்டினது, அது தண்டு பெருக்கப் பெருக்கக் கொஞ்சம் இழுத்துக் குடுக்கும், கம்பி மாதிரி கழுத்தை நெரிக்காது. நாலு மாசம் கழிச்சு அவுத்தேன். அஞ்சு ஒட்டுல மூணு பிடிச்சிருந்துச்சு, ரெண்டு பிடிக்கல, அடுத்த வருஷம் மறுபடி பண்ணினதுல ஒண்ணு பிடிச்சுது. இன்னொண்ணு இன்னும் வீம்பு பண்ணுது. இயற்கையில ரெண்டு கிளை காத்துல உரசி உரசி பட்டை தேஞ்சு தானா ஒட்டிக்கிறதை காட்டுல பாக்கலாம், நாம அந்த உரசலைக் கத்தியில செய்றோம், அவ்ளோதான் வித்தியாசம்.

இந்த விஷயத்துல அமெரிக்காவுல ஆக்ஸல் எர்லாண்ட்சன்னு ஒரு விவசாயி கில்லாடி. அப்படி ஒட்டிக்கிட்ட மரங்களைத் தன் வேலியோரத்துல பாத்துட்டு 1920கள்ல ஆரம்பிச்சவர், ஆறு மரத்தை வச்சு பூக்கூடை பின்னின மாதிரி ஒரே மரமாக்கியிருக்கார், 1947ல அதையெல்லாம் வச்சு மர சர்க்கஸ்னே ஒண்ணு திறந்தார். அவர் போன பிறகு தண்ணி ஊத்த ஆளில்லாம நிறைய மரம் செத்துப் போச்சு, தப்பிச்ச கொஞ்ச மரத்தை 1980கள்ல வேரோட பெயர்த்து வேற தோட்டத்துக்குக் கொண்டு போய் வச்சாங்க, இன்னும் இருக்கு. எனக்கு அந்த மரங்களை விட அந்த நடுவுல இருந்த வருஷங்கள்தான் மனசுல நிக்குது. அதனால ஒரு நோட்டு போட்டு வச்சிருக்கேன், எந்தக் கட்டை எப்ப அவுக்கணும், எந்தக் கிளையை விடக்கூடாது, நாணல் ட்ரம் எங்க புதைஞ்சிருக்குன்னு எல்லாம். அண்ணன் பொண்ணுக்குத்தான் அந்த நோட்டு, அவ இன்னும் ஒரு பக்கம் கூடப் படிக்கல.

அதே மாதிரி வேல்ஸ்ல டேவிட் நாஷ்ங்கிறவர் 1977ல இருபத்திரண்டு ஆஷ் மரக்கன்னை வட்டமா நட்டு, எல்லாத்தையும் ஒரே பக்கமா சுழல்ற மாதிரி வளைச்சு ஒரு மரக்கூடாரம் வளர்த்தார், இடம் எங்கன்னு வெளிய சொல்றதில்ல. அடுத்த நூற்றாண்டுல முழுசாகிற மாதிரி போட்ட கணக்கு, ஆச்சு. அதுக்கப்புறம் ஐரோப்பா பூரா ஆஷ் மரத்தைக் கொல்ற ஒரு பூஞ்சை நோய் வந்து அந்த வட்டத்துலயும் புகுந்துடுச்சு. நாப்பது வருஷம் வளர்த்ததுக்கு இதுன்னு படிச்சப்ப எனக்கு வயிறு எரிஞ்சுது. அப்புறம் நம்ம கொல்கத்தா பக்கத்துல இருக்கிற பெரிய ஆலமரம் ஞாபகம் வந்துச்சு, அதுக்கும் பூஞ்சைதான், 1925ல அடிமரத்தையே வெட்டி எடுத்துட்டாங்க, அடிமரம் இல்லாமலே விழுதுலயே இன்னும் பரவிட்டிருக்கு. ஒரே ஜாதி மரத்துல பதினாலு வச்சது தப்போன்னு அன்னிக்குதான் தோணுச்சு. வால் பக்கம் காலியான ஒரு விலா இடத்துல பூவரசு போத்து ஒண்ணு நட்டிருக்கேன், நோய்னு ஒண்ணு வந்தா எல்லாம் ஒரே நாள்ல போகக் கூடாதேன்னு.

மூணு நாலு வருஷத்துல உள்ள நிழல் விழுந்துடுச்சு. இதையும் யாரும் சொல்றதில்ல, படத்துல எல்லாம் மேலயும் பூ கீழயும் பூவா காட்டுவாங்க. மரம் கூடினா கீழ இருக்கிற வெயில் செடி எல்லாம் மூட்டை கட்டிடும். பத்துமணிப்பூ முதல்ல போச்சு, பிறகு சங்குப்பூ வயித்தை விட்டுட்டு வாய்ப்பக்கம் வெளிச்சத்துக்கு நகர்ந்துடுச்சு. நகர்ந்துச்சுன்னா நான் நட்டு இல்ல, காய் வெடிச்சு விதை தெறிச்சு அதுவே. உள்ள சுவரோரமா நான் வச்ச மணி ப்ளான்ட் இப்ப விலாவைப் பிடிச்சு மேல ஏறுது. தொட்டியில கீழ தொங்குற வரைக்கும் உள்ளங்கை அளவு இலை, மேல ஏற ஆரம்பிச்சதும் இலை தட்டு அளவுக்கு வருது, அதே செடிதான், ஏறுறதுக்கு ஏதாவது கிடைச்சா தன்னை வேற ஆளா நினைச்சுக்குது.

பிரான்ஸ்ல ஜீல் க்ளெமான்னு ஒரு தோட்டக்காரர், செடி எங்க போய் முளைக்குதோ அதை விட்டுட்டு அதச் சுத்திப் புல் வெட்டுவார், ஆக பாதையே வருஷா வருஷம் இடம் மாறும். நானும் அப்படி இருக்கலாம்னு பாத்தேன். எல்லாத்துக்கும் முடியல. திமிங்கலம் திமிங்கலமா தெரியணும்ல, அதுக்கு ஒரு கோடு வேணும். நான் வச்சுக்கிட்ட விதி என்னன்னா முதுகுக்கோடு என்னோடது, வருஷத்துக்கு மூணு தடவை கவாத்து, அதுல சமரசம் இல்ல. தரை என்னோடது இல்ல. தரையில முதல் தடவை குழி தோண்டினப்பவே குப்பைமேனி, கீழாநெல்லி, பேரே தெரியாத ரெண்டு மூணுன்னு படை எடுத்து வந்துச்சு, எங்க இருந்துன்னா எல்லாம் மண்ணுக்குள்ளயே தூங்கிட்டிருந்ததுதான். பீல்னு ஒரு அமெரிக்க பேராசிரியர் 1879ல இருபது பாட்டில்ல விதை போட்டுப் புதைச்சு வச்சார், 2021ல ஒரு பாட்டிலைத் தோண்டி எடுத்து ஈரம் காட்டினா நூத்து நாப்பது வருஷத்துக்கு மேல கழிச்சும் முளைச்சிருக்கு. அப்ப நாம தோண்டுற ஒவ்வொரு குழியிலயும் யாரோட பழைய தோட்டம் எழுந்து வருதோ.

கேட்டவங்களுக்காக ஒரு சின்ன டிப். திமிங்கலத்துக்கு நேரா இருக்கிற மதில்ல ஒரு ஆணி அடிச்சிருக்கேன், மாசம் முதல் நாள் போனை அதுமேல வச்சு ஒரு போட்டோ. வேற எந்த போட்டோவும் பிரயோஜனப்படல, இது மட்டும்தான் நடந்ததைக் காட்டுது. நேர்ல பாத்தா தினமும் ஒண்ணுமே நடக்காத மாதிரிதான் இருக்கும். அப்புறம் நெட்டுல வர்ற பாசி பெயிண்ட், அதான் மோர்ல பாசியை அரைச்சு சுவத்துல பூசினா பச்சையா படம் வரும்ங்கிறது, ரெண்டு தடவை செஞ்சேன், நாறுச்சு. ஈரம் இருக்கிற இடத்துல பாசி தானா வரும், இல்லாத இடத்துல மோர் ஊத்தினாலும் வராது.

போன மாசம் அண்ணன் பொண்ணு வந்திருந்தா. இப்ப பன்னெண்டு வயசு, எதைக் கேட்டாலும் தோளைக் குலுக்குற வயசு. ஆனாலும் வயித்துக்குள்ள போய் உக்காந்து அரைமணி நேரம் போன் பாத்தா, அதுவே பெரிய பாராட்டு. மூணாவது விலாவோட மூங்கிலைப் பிடிச்சு ஆட்டினா, அது ஈரமான சாக்பீஸ் மாதிரி கையோட வந்துடுச்சு. பயந்து என்னைப் பாத்தா. மேல இருந்த பைக்கஸ் வளைவு அப்படியே நின்னுச்சு. "பரவால்ல, போடு அந்த வால் குவியல்ல"ன்னேன்.

அப்பத்தான் அவ காட்டினா, வயித்துக்கு நடுவுல, எந்த விலாவோடயும் சேராம ஒரு கன்னு. முழங்கால் உயரம். வேம்பு. குருவியோ மைனாவோ போட்டுட்டுப் போயிருக்கணும். இப்ப பிடுங்கினா வந்துடும், இன்னும் ஒரு மழை போச்சுன்னா ஆணிவேர் இறங்கிடும், அப்புறம் வெட்டத்தான் முடியும், வெட்டினாலும் தழைக்கும். விட்டா நாலஞ்சு வருஷத்துல நேரா முதுகைக் கிழிச்சுட்டு வெளிய வரும், நான் இவ்ளோ நாள் கட்டிக் காத்த அந்த ஒரே கோட்டை. "பிடுங்கிடலாமா"ன்னு கேட்டேன்.

"அது முழுங்கின மரம் அத்தை. நான் வரைஞ்சிருந்தேன்ல, உள்ள ஒரு மரம். விடு"ன்னுட்டு போனைப் பாக்கப் போயிட்டா.

அந்தப் படத்தைத் தேடி எடுத்துப் பாத்தேன். நிஜமாவே உள்ள ஒரு மரம் இருக்கு, ஆனா அது முதுகுக்கு உள்ளயே அடக்கமா நிக்குது, வேம்பு அப்படி நிக்காது. ரெண்டு தடவை அதுகிட்ட போய் கையை வச்சுட்டுத் திரும்பி வந்துட்டேன். இந்த வாரம் மழைன்னு சொல்றாங்க.